பொருள்: தானியங்கி கியர் பெட்டியில் ஊற்றுவதற்கு ஒரு பெயர்

மடல் 1 — மொழிபெயர்ப்பாளர், திருச்சி

குழுவினருக்கு வணக்கம்.

பிக்கப் டிரக் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். அமெரிக்காவில் ஓடும் ஷெவர்லே சில்வராடோ 1500 வண்டியை எடுத்துக்கொண்டேன். 4எல்60-இ என்ற நான்கு வேகத் தானியங்கி கியர் பெட்டி உள்ள மாதிரி. எஞ்சின், பிரேக் பகுதிகள் முடிந்தன. கியர் பெட்டியின் சிவப்புத் திரவத்தையும் அதன் ஃபில்டரையும் மாற்றும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. இதுவரை குறித்துவைத்த பெயர்கள்: தானியங்கிச் செலுத்துகைப் பாய்மம், கியர் எண்ணெய், உயவு எண்ணெய், செந்நெய். கடைசிப் பெயர் நண்பர் ஒருவரின் கைங்கரியம். குழுவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மடல் 2 — ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளர், ஹூஸ்டன்

ஐயா, வணக்கம். இதே பெட்டி உள்ள வண்டிதான் என் வீட்டு வாசலிலும் நிற்கிறது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

> கியர் எண்ணெய்

இதை முதலில் அடித்துவிடுங்கள். இதே வண்டியின் பின் அச்சில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து தரும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அதற்கு ஊற்றுவதுதான் உண்மையான கியர் எண்ணெய். 75டபிள்யூ-90 என்று புட்டியில் போட்டிருக்கும். தொண்ணூறு என்ற அந்தத் தரத்துக்கு 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 13.5 சென்டிஸ்டோக்ஸ் பாகுநிலை, அதாவது ஓடாமல் தடிக்கும் தன்மை, வேண்டும். தானியங்கிப் பெட்டிக்கு உரிய டெக்ஸ்ரான்-6 என்ற தரத்துத் திரவம் அதே வெப்பத்தில் ஏறத்தாழ 6 சென்டிஸ்டோக்ஸ்தான், பாதிகூட இல்லை. ஒரே வண்டியில், சில அடி இடைவெளியில், இரண்டு துளைகள், இரண்டு திரவங்கள். உங்கள் கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் வாசகர் மாற்றித்தான் ஊற்றுவார். பழி தமிழ்மீது விழும்.

> உயவு எண்ணெய்

இது இன்னும் மோசம். காரணம் சொல்கிறேன். இந்தத் திரவம் செய்கிற வேலைகளில் உயவு ஒன்று மட்டுமே. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே முறுக்குமாற்றி (டார்க் கன்வெர்ட்டர்) இருக்கிறது. உள்ளே இரண்டு சுழலிகள் எதிரெதிராக நிற்கும்; ஒன்றையொன்று தொடாது. ஒன்று வீசும் திரவம் மற்றொன்றைச் சுழற்றும். ஆக, வண்டி நகரத் தொடங்கும்போது எஞ்சினின் விசையைச் சுமந்து செல்வது இந்தத் திரவம். பிறகு பம்பு கொடுக்கும் அழுத்தத்தில் இதுவே வால்வுகளின் வழியாகப் போய் கிளட்ச் தட்டுகளை நெருக்கி கியரை மாற்றுகிறது. வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுபோவதும் இதுதான்.

கிளட்ச் தட்டுகள் இந்தத் திரவத்தில் ஊறிக்கிடக்கின்றன. பல்சக்கரங்களுக்கு வழுக்க வேண்டும், கிளட்ச் தட்டுகளுக்குப் பிடிக்க வேண்டும். ஒரே திரவம் இரண்டையும் செய்தாக வேண்டும். வழுக்கல் கூடினால் தட்டு தேயும், பிடிப்பு கூடினால் கியர் விழும்போது வண்டி உதறும். இந்த உராய்வைச் சரியான அளவில் வைக்கத்தான் சேர்மங்கள் கலக்கிறார்கள். 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதற்குத் திமிங்கில எண்ணெயைத்தான் கலந்தார்கள். திமிங்கில வேட்டைப் பொருள்களுக்குத் தடை வந்த பிறகு செயற்கைச் சேர்மங்களுக்கு மாறினார்கள். உராய்வையும் தருகிற ஒன்றுக்கு உயவு என்று மட்டும் பெயரிடுவது பாதியை மறைப்பது.

> செந்நெய்

அழகான சொல், கவிதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் எஞ்சின் எண்ணெயிலிருந்து பிரித்துத் தெரியட்டும் என்று கலப்பது. ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் தன் எட்டு வேகப் பெட்டிக்கு விற்பது பச்சை நிறம். நிறத்தை வைத்துப் பெயரிட்டால் பச்சைச் செந்நெய் என்று எழுத வேண்டி வரும்.

> தானியங்கிச் செலுத்துகைப் பாய்மம்

பாய்மம் என்பதில் வளிமமும், அதாவது வாயுவும், அடங்கும். இங்கே அழுத்தினால் சுருங்காத தன்மைதான் உயிர். பம்புக்குள் காற்று நுழைந்தால் வேலையே கெட்டுவிடும். எனவே நீர்மம், அதாவது திரவம். செலுத்துகை என்பது செயலின் பெயர். நமக்கு வேண்டியது பொருளின் பெயர். பட்டறையில் போய்ச் செலுத்துகை என்றால் யாரும் தலை நிமிரமாட்டார்கள். கியர் பெட்டி என்பது எல்லோர் வாயிலும் இருக்கிறது.

என் முன்மொழிவு: தானியங்கிப் பெட்டி நீர்மம். ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டுப் பிறகு பெட்டி நீர்மம் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

மடல் 3 — தமிழாசிரியை, சென்னை

ஐயா எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் எண்ணெய் என்ற சொல்லை இவ்வளவு எளிதாகக் கைவிட வேண்டுமா? எள்ளின் நெய்தான் எண்ணெய். அதைத் தேங்காய்க்கும் வேம்புக்கும் நீட்டினோம், மண்ணெண்ணெய் என்று பூமிக்கடியில் இருப்பதற்கும் நீட்டினோம். எள்ளைவிட்டு இவ்வளவு தூரம் வந்த சொல் கியர் பெட்டிக்குள் போகாதா? நீர்மம் என்றால் என் மாணவர்கள் தண்ணீரைத்தான் நினைப்பார்கள். பெட்டியில் தண்ணீரா என்று கேட்பார்கள்.

மடல் 4 — வாகனப் பயிற்றுநர், யாழ்ப்பாணம்

இங்கே நாங்கள் பற்சில்லு என்றுதான் படித்தோம். இருந்தாலும் கராச்சில் எல்லோரும் சொல்வது கியர் பொக்ஸ். பெட்டி நீர்மம் எங்களுக்கும் உடன்பாடு. நீங்கள் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள், வினைச்சொற்களை ஒருவரும் தொடவில்லை. அங்கேதான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். நீர்மத்தை வடித்துவிட்டு வடிகட்டியை வடித்து எடு என்று ஒரு மாணவர் தேர்வில் எழுதியிருந்தார்.

மடல் 5 — ஹூஸ்டன்

அம்மா, எண்ணெய் நீளும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இந்த வண்டியில் அது ஏற்கெனவே எஞ்சினிலும் பின் அச்சிலும் குடியிருக்கிறது. மூன்றாவது இடத்துக்கும் அதையே அனுப்பினால் விலாசம் குழம்பும் என்பதுதான் என் கவலை. பிரேக்கில் ஊற்றுவதை நாம் எண்ணெய் என்று சொல்லக்கூடாது என்றுதானே மெக்கானிக்குகளே சண்டை போடுகிறார்கள்? விசையைச் சுமப்பது நீர்மம், தேய்மானத்தைக் குறைப்பது எண்ணெய். இந்தப் பிரிவைக் கையேடு முழுக்கக் காப்பாற்றினால் மாணவர்கள் தண்ணீரை மறந்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்து ஐயா தொட்ட இடம் முக்கியம். இந்தப் பெட்டியின் அடியில் ஒரு தட்டையான தகரக் கலம் பதினாறு போல்ட்டுகளில் தொங்குகிறது. பல வண்டிகளில் அதற்கு வடிதிருகு (திரவத்தை வெளியே விடும் திருகு) கிடையாது. போல்ட்டுகளை ஒரு பக்கம் தளர்த்திக் கலத்தைச் சாய்த்துத்தான் நீர்மத்தை இறக்க வேண்டும். ஆகவே வடி என்ற வினையை இங்கே விட்டுவிட்டு இறக்கு என்று எழுதுங்கள். கலத்துக்குப் பட்டறையில் சேம்பர் என்கிறார்கள். அடிக்கலம் என்றால் இடமும் உருவமும் விளங்கும்.

இறக்கினாலும் வருவது ஏறத்தாழ 4.7 லிட்டர்தான். முறுக்குமாற்றியோடு சேர்த்துப் பெட்டியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 10.6 லிட்டர். பாதிக்கு மேல் பழையது உள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே "நீர்மத்தை மாற்றுதல்" என்று தலைப்பிட்டால் அது பொய். பகுதி மாற்றம் என்று சொல்லுங்கள். நீர்மம் மாற்றும் இயந்திரத்தை இணைத்து முழுவதையும் வெளியேற்றுவதற்கு முழு மாற்றம். அதைக் கழுவுதல் என்று எழுதினால் யாராவது மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிவிடுவார்கள். நம் ஊர்ப் பழக்கம் அப்படி.

வடிகட்டி என்ற பெயர் சரி. அது எஞ்சினின் வடிகட்டியைப் போல அழுத்தப் பக்கத்தில் இல்லை, உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லுங்கள். உறிஞ்சு வடிகட்டி என்றே எழுதலாம். அதன் கழுத்து ஒரு சீல் வழியாகப் பம்பின் துளையில் செருகியிருக்கும். வடிகட்டியை இழுக்கும்போது பழைய சீல் துளையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதிய சீலை அதன்மேல் அழுத்துகிறவர்கள் உண்டு. பொருத்தம் கெட்டு, நீர்மத்தோடு காற்றையும் பம்பு உறிஞ்சும், நுரை கட்டும், கியர் தாமதமாக விழும். அலுமினியத் துளையைக் கீறாமல் பழைய சீலை நெம்பி எடுக்க வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஆழமான அடிக்கலத்துக்கு ஒரு வடிகட்டி, ஆழம் குறைந்ததற்கு வேறொன்று. கடையில் கேட்கும்போது அதையும் சொல்ல வேண்டும்.

அடிக்கலத்தில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் வடிகட்டி மாற்றுவதோடு கதை முடியாது.

அளவு பார்க்கும் கம்பிக்குத் தோய்கோல் என்ற பெயரைப் பரிந்துரைக்கிறேன். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பது எஞ்சின் எண்ணெயின் தோய்கோல். இதை எஞ்சின் ஓடும்போது, லீவர் பார்க்கில் இருக்கும்போது, நீர்மம் 82 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கையில் பார்க்க வேண்டும். ஆகவே பெட்டித் தோய்கோல் என்று அடைமொழி கொடுத்துவிடுங்கள்.

மடல் 6 — சென்னை

எஞ்சின் எண்ணெய், அச்சு எண்ணெய், பெட்டி நீர்மம் என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் அட்டவணையாகப் போடுவதானால் நானும் ஒப்புகிறேன். தோய்கோல் நல்ல வினைத்தொகை. தோய்ந்த கோல், தோய்கின்ற கோல், தோயும் கோல். அடிக்கலத்தில் எனக்கு ஒரு சிறு தயக்கம்: கலம் என்றால் கப்பலும்தான். ஆனாலும் இருக்கட்டும்.

மடல் 7 — திருச்சி

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

"வண்டியைச் சிறிது ஓட்டிப் பெட்டி நீர்மத்தை வெதுவெதுப்பாக்குங்கள், கொதிக்கும் சூட்டில் தொடவேண்டாம். அடிக்கலத்தின் போல்ட்டுகளைப் பின்பக்கத்திலிருந்து தளர்த்திச் சாய்த்து நீர்மத்தை இறக்குங்கள். உறிஞ்சு வடிகட்டியை நேராகக் கீழே இழுங்கள். பழைய சீல் துளையில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கீறாமல் எடுங்கள். புதிய சீலையும் வடிகட்டியையும் செருகி, காந்தத்தைத் துடைத்து, புதிய பேக்கிங்குடன் அடிக்கலத்தை மாட்டி, போல்ட்டுகளை 11 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குங்கள். டெக்ஸ்ரான்-6 தரமுள்ள பெட்டி நீர்மத்தைத் தோய்கோல் குழாய் வழியாக ஊற்றுங்கள். இறக்கிய அளவையே முதலில் ஊற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு எல்லாக் கியர்களிலும் ஒருமுறை போட்டுப் பார்த்த பின், சூடேறியதும் அளவு பாருங்கள்."

கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் பேக்கிங்கின் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன். அதற்கு அடைதகடு என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். இங்கே பேக்கிங் தகடாக இல்லாமல் ரப்பராகவும் வருவதால் ஏற்கவில்லை. வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்; அன்று அச்சுக்குப் போகிறது.