புதுப்பிப்பு: அண்ணன் நினைவு உதவித்தொகை தொடங்கிவிட்டது

ஓவியரான என் அண்ணன் நினைவாக, வரையும் எழுதும் மேல்நிலை மாணவருக்கு உதவித்தொகை தருவது எப்படி என்று போன ஆண்டு கேட்டிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, "தனி அறக்கட்டளை வேண்டாம், ஏற்கெனவே பதிவான ஒன்றில் நிதியைச் சேருங்கள்" என்றவரின் யோசனைதான். தணிக்கைத் தலைவலி நமக்கில்லை. வைப்பு 2 லட்சம் ரூபாய். 7 சதவீத வட்டியான 14,000 மட்டும் இருவருக்கு. நன்கொடைக்கு 80ஜி எனப்படும் வருமான வரி விலக்கு வேண்டுவோர் கவனிக்க: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது.

மதிப்பெண் பட்டியல் கேட்கவில்லை. அண்ணனின் கணக்கு மதிப்பெண்ணை அறிந்தவர்களுக்குக் காரணம் புரியும்.

எதிர்பாராதது ஒன்று: காசோலை பெற்ற மாணவிக்கு வங்கிக் கணக்கே இல்லை. அப்பா வரவேண்டும் என்று ஒரு கிளையில் திருப்பி அனுப்பினார்கள். 10 வயது நிறைந்தவர் தாமே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. அதைக் காட்டியதும் அடுத்த கிளையில் வேலை முடிந்தது.