சிங்கிள் யூசர் மோட்: ஒரே சொல்லா, மூன்று சொல்லா?

கடலூரிலிருந்து:

வணக்கம். நம் லினக்ஸ் ஆய்வகப் பொறுப்பாளர் கையேட்டின் தமிழ் வரைவில் ‘சிங்கிள் யூசர் மோட்’ (பழுது பார்க்க, நிர்வாகி மட்டும் உள்ளே போகும்படி கணினியைத் தொடங்கும் நிலை) ஒரு பக்கத்தில் தனிப்பயனர் முறை, அடுத்த பக்கத்தில் ஒற்றைப் பயனர் பயன்முறை, பின்னிணைப்பில் மீட்பு நிலை என்று வருகிறது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வோம். என் ஓட்டு ‘மீட்பு நிலை’க்கு. நம் பக்கம் புயல் மாதங்களில் கரண்ட் போய்ப் போய் வந்து, கணினி பாதியில் நின்ற பிறகுதான் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறப்பார். பயனர் ஒருவரா பத்துப் பேரா என்பது அவர் கவலையே இல்லை.

செய்முறை இப்போது இப்படி இருக்கிறது, சரிபார்க்கவும். கணினியை இயக்கியதும், அதன் அடிப்படை நிரல் பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். புதிய யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்ட வேண்டும். கிரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர்) காட்டும் பட்டியலில் வேண்டிய வரியில் நின்று, ஆங்கில ‘இ’ விசை. திறக்கும் உரையில் ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு ‘சிங்கிள்’ என்று சேர்க்க வேண்டும். அதே வரியில் கொயட், ஸ்பிளாஷ் இரண்டும் இருந்தால் அழித்துவிடலாம். எந்த இடத்தில் நிற்கிறது என்பது அப்போதுதான் திரையில் தெரியும். பிறகு கன்ட்ரோல்-எக்ஸ் அல்லது எஃப்10. இந்தத் திருத்தம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான்; வட்டில் எழுதப்படாது.

புதுச்சேரியிலிருந்து:

செய்முறை சரி, ஐயா. எஸ்கேப்புக்கு மட்டும் ஒரு வரி சேருங்கள். பதற்றத்தில் இரண்டு மூன்று தடவை தட்டினால் பட்டியலைத் தாண்டி கிரப் கட்டளை வரியில் போய் நிற்கும். ‘நார்மல்’ என்று தட்டி என்டர் கொடுத்து, உடனே ஒரு தடவை எஸ்கேப் தட்டினால் பட்டியல் திரும்பிவிடும்.

‘மீட்பு நிலை’யைப் பொதுப்பெயராக்குவதற்கு நான் உடன்படவில்லை. கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கிவைக்கும் பழைய நிரலான சிஸ்வி இனிட்டில் ஓட்டநிலை (ரன்லெவல்) 1 என்று ஒன்று இருந்தது, சிங்கிள் யூசர் மோட் என்று எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். இப்போது அதன் இடத்தில் இருக்கும் சிஸ்டம்டியில் விஷயம் பிரிந்துவிட்டது. ‘சிங்கிள்’ என்றாலும் ‘1’ என்றாலும் அது ரெஸ்க்யூ டார்கெட் என்ற மீட்பு நிலைக்குத்தான் போகும்: அடிப்படைச் சேவைகள் எழும், உள்ளூர்க் கோப்பு முறைமைகள் எல்லாம் எழுதும்படி ஏற்றப்பட்டிருக்கும் (அதாவது மவுண்ட் ஆகியிருக்கும்), வலையமைப்பு இருக்காது. ‘எமர்ஜென்சி’ என்று சேர்த்தால் கிட்டத்தட்ட எதுவுமே எழாது. ரூட் பகிர்வு (லினக்ஸ் முறைமை இருக்கும் வட்டுப் பகுதி) பெரும்பாலும் படிக்க மட்டும் ஏற்றப்பட்டிருக்கும், மற்றவை ஏற்றப்படவே மாட்டா.

கரண்ட் போனதில் ரூட் பகிர்வே பழுது என்று வையுங்கள். ‘மீட்பு நிலைக்குச் சென்று எஃப்எஸ்சிகே இயக்கவும்’ (எஃப்எஸ்சிகே என்பது கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) என்ற ஒரே வரியைப் படித்தவர் ‘சிங்கிள்’ போட்டு உள்ளே போவார். அங்கே ரூட் எழுதும் நிலையில் ஏற்றப்பட்டிருக்கும். அதன்மேல் எஃப்எஸ்சிகே ஓட்டினால், கர்னல் (லினக்ஸின் மையக்கரு) ஒரு பக்கம் எழுத, இது ஒரு பக்கம் திருத்த, இருந்த கொஞ்சமும் போய்விடும். அவர் போயிருக்க வேண்டியது எமர்ஜென்சிக்கு. அதைவிட எளிது, கர்னல் வரியில் (கிரப்பில் திறக்கும் அந்த ‘லினக்ஸ்’ வரியில்) ‘எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ்’ என்று சேர்த்து வழக்கம்போலத் தொடங்குவது; ஏற்றுவதற்கு முன்பே சோதனை நடந்துவிடும்.

எந்த வட்டை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் தவறான யூயூஐடி (வட்டுப் பகுதியின் அடையாள எண்) இருந்தாலும் இதே குழப்பம் வரும். இல்லாத வட்டுக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு, யாரும் கேட்காமலே கணினி எமர்ஜென்சியில் போய் விழும். அங்கே முதல் வேலை ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’, அதாவது ரூட்டை எழுதும்படி மறுபடி ஏற்றுவது. ரூட் படிக்க மட்டும் ஏற்றப்பட்டிருந்தால், அதைச் செய்யாமல் கோப்பைத் திருத்தினால் சேமிக்க முடியாது. செருகினாலும் செருகாவிட்டாலும் பரவாயில்லை என்கிற வட்டுக்கு அந்தக் கோப்பில் ‘நோஃபெயில்’ போட்டுவைத்தால் இந்த வம்பே வராது.

ஆக மூன்று சொல் வேண்டும்: ஒற்றைப்பயனர் நிலை, மீட்பு நிலை, அவசர நிலை. முதல் இரண்டும் இன்று ஒரே இடம்தான், இருந்தாலும் பழைய ஆவணங்களைப் படிக்கிறவருக்கு முதல் சொல் தேவைப்படும்.

கடலூரிலிருந்து:

எஃப்எஸ்சிகே விஷயத்துக்காகவே ஒப்புக்கொள்கிறேன். ‘நெருக்கடி நிலை’யைத் தவிர்த்ததும் நல்லது, 1975 வந்து குறுக்கே நிற்கும். ‘தனி’ ஏன் வேண்டாம்? ‘பயன்முறை’ ஏன் வேண்டாம்? பூட்லோடரை வரைவில் ‘துவக்கி’ என்று போட்டிருக்கிறது, அதையும் பார்த்துவிடுவோம்.

புதுச்சேரியிலிருந்து:

தனிப்பயனர் என்றால் தனக்கென்று கணக்கு வைத்திருப்பவர் என்று படிக்கத் தோன்றும். இங்கே உள்ளே இருப்பது நிர்வாகிக் கணக்கான ரூட் மட்டும். ‘முறை’யில் தடவை, வழி இரண்டு பொருளும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கின்றன, ‘ஒருமுறை ஒற்றைப்பயனர் முறையில்’ என்று எழுதிப் பாருங்கள். பயனாளி மட்டும் எங்கும் வேண்டவே வேண்டாம், அது அரசு நலத்திட்டப் பட்டியலில் இருப்பவர்.

‘துவக்கி’யைப் படிக்கிற ஈழத்து நண்பர்கள் சிரிப்பார்கள், அங்கே துவக்கு என்றால் துப்பாக்கி. ‘பூட்’டை அப்படியே வைத்தால் வேற்றுமை உருபு சேர்ந்ததும் ‘பூட்டில்’ என்று கதவுப் பூட்டாகிவிடும். ‘தொடக்க ஏற்றி’ நீளம்தான், இருந்தாலும் வேலையைச் சரியாகச் சொல்கிறது: கர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (தொடக்கத்துக்கு உதவும் சிறு கோப்பு முறைமை) நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

இந்தச் சொற்கள் கையேட்டுக்கு மட்டுமே. கர்னல் வரியில் தட்டுவது ஆங்கிலத்தில்தான். உள்ளே போனதும் கிடைப்பது வெறும் எழுத்துத் திரையான கன்சோல். அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள், உயிர்மெய் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதியும் கிடையாது. கணினியின் மொழியைத் தமிழாக வைத்திருந்தால் பிழைச்செய்தி கட்டம் கட்டமாக வரும். செய்தி ஆங்கிலத்தில் வர, ‘எக்ஸ்போர்ட் எல்சி_ஆல்=சி’ என்று முதலில் தட்டச் சொல்லுங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வரைவில் கடவுச்சொல் மறந்தவருக்கும் ‘சிங்கிள்’தான் வழி என்றிருக்கிறது. அது நடக்காது. மீட்பு நிலையும் அவசர நிலையும் ரூட் கடவுச்சொல் கேட்கும். டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டிருந்தால் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கும். அந்தச் செய்தியைக் காட்டிவிட்டு, என்டர் தட்டத் தட்ட அதே இடத்திலேயே சுற்றும்.

அவருக்கான வழி, கர்னல் வரியில் ‘இனிட்=/பின்/பாஷ்’ என்று சேர்த்து, கட்டளை தட்டும் பாஷ் ஷெல்லுக்கு நேரே போவது. இதை எந்த நிலை என்றும் அழைக்க வேண்டாம், ‘நேரடி ஷெல்’ போதும். ரூட்டை எழுதும்படி மறுபடி ஏற்றி, ‘பாஸ்டபிள்யூடி’ கட்டளையால் கடவுச்சொல்லை மாற்றி, அது வட்டில் எழுதப்பட ‘சிங்க்’ கொடுத்து, ‘ரீபூட் -எஃப்’. இங்கே ‘எக்ஸிட்’ தட்டினால் கர்னல் பேனிக் (கணினி அப்படியே நின்றுவிடும்), ஏனென்றால் முதல் செயலாக்கமே அந்த பாஷ்தான். ஃபெடோரா வகை லினக்ஸில் எஸ்ஈலினக்ஸ் (கோப்புகளுக்கு அடையாளமிட்டு அணுகலைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு) இருப்பதால், மறுதொடக்கத்துக்கு முன் ரூட் கோப்புறையில் ‘.ஆட்டோரீலேபிள்’ என்ற காலிக் கோப்பையும் உருவாக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கடவுச்சொல்லையும் ஏற்காது.

விசைப்பலகைக்கு முன் உட்காருகிற எவரும் இதைச் செய்யலாம் என்பதையும் அதே பக்கத்தில் சொல்லியாக வேண்டும். மாணவர் புழங்கும் ஆய்வகத்தில் கிரப்புக்குக் கடவுச்சொல் போடுவதுதான் வழி. ‘கிரப்-எம்கேபாஸ்டபிள்யூடி-பிபிகேடிஎஃப்2’ கட்டளை தரும் சரத்தை கிரப் அமைப்பில் சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்ட வேண்டும். பட்டியலின் வழக்கமான வரிகளுக்கு ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ போட மறந்தால், தினமும் காலையில் ஒவ்வொரு கணினியும் தொடங்குவதற்கே கடவுச்சொல் கேட்டு நிற்கும்.