பழைய 8 கீ ஃப்ளூட்: பியூட்டர் பிளக் கசிவு, வழி சொல்லுங்கள்

வணக்கம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில பாணி மர ஃப்ளூட், தயாரிப்பாளர் முத்திரை இல்லை. ஆறு கீகளுக்கு (துளையை மூடித் திறக்கும் நெம்புகள்) தோல் பேட், அதாவது துளையை அடைக்கும் மெத்தை. கீழ் ஸி, ஸி ஷார்ப் சுரங்கள் இரண்டுக்கு மட்டும் பியூட்டர் (வெள்ளீயக் கலவை உலோகம்) பிளக், அதாவது துளையில் உட்காரும் அடைப்பு. 1785இல் லண்டனில் ரிச்சர்ட் பாட்டர் காப்புரிமை பெற்ற வகை.

ஃபுட் ஜாயிண்டை (ஃப்ளூட்டின் அடித்துண்டு) தனியே கழற்றி, அடியைக் கார்க்கால் அடைத்து, இரண்டு கீயையும் அழுத்தி மேலிருந்து உறிஞ்சினால் ஸி ஷார்ப்பில் காற்று இழுக்கிறது. பிளக்கில் மார்க்கர் மை தடவி அழுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டுமே மை அழிகிறது. பிளக்கைக் கீயோடு சேர்க்கும் ரிவெட் இறுகியிருக்கிறது. அது லேசாக ஆடினால்தான் பிளக் தானே துளையில் சரியாக உட்காரும்.

சூடு காட்டப் பயம்: பியூட்டர் சுமார் 200 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும். எண்ணெய் ஊற வைத்தும் அசையவில்லை. ரிவெட்டை எப்படித் தளர்த்துவது? பிறகு பிளக்கைத் தேய்த்துப் படியவைக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள்? எமரி பசை (உராய்வுத் துகள் கலந்தது) வேண்டாம். துகள் மெத்தென்ற பியூட்டரில் பதிந்து, பிளக் உட்காரும் வெள்ளி இருக்கையை அரிக்கும்.

"தோல் பேடுக்கு மாற்றிவிடு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். துளை விளிம்பு கூம்பாகச் சரிந்தது, தட்டைப் பேட் அடைக்காது. ஹெட் ஜாயிண்டிலும் (ஊதும் தலைத்துண்டு) விரிசல் உண்டு. உள்ளே உலோகக் குழாய் இருந்து மரம் சுருங்கினால் வருவதுதான், அதை அப்புறம் பார்க்கலாம்.