புதுப்பிப்பு: நாயின் ராத்திரி இருமல், காரணம் இதய வால்வுதான்

என் 11 வயது நாய் ராத்திரியில் இருமுகிறது, சளியா இதயமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 30-க்கு மேலேயே இருந்தால் தாமதிக்காதீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் கைகொடுத்தது. அன்றிரவே எண்ணினேன், 44. விடிந்ததும் டாக்டரிடம் ஓடினோம். எக்ஸ்ரேயில் நுரையீரலில் நீர். எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு தடித்துப்போய் ரத்தம் பின்னோக்கிக் கசிவது தெரிந்தது. நீரை வெளியேற்ற ஃபுரோசிமைடு, இதயம் வலுவாகச் சுருங்க பிமோபென்டான். இரண்டாவதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுக்கிறோம். மூன்றாம் நாள் மூச்சு 24.

எதிர்பார்க்காத விஷயம், இருமல் முழுசாகப் போகவில்லை. பெரிதாகிவிட்ட இதயத்தின் இடது மேலறை மூச்சுக்குழாயை அழுத்துவதாலும் இருமல் வருமாம், அதனால் இருமலைப் பார்த்துப் பயப்படாமல் தூக்கத்தில் மூச்சு எண்ணிக்கையைத் தினமும் குறித்து வைக்கச் சொன்னார் டாக்டர். அப்புறம், ஃபுரோசிமைடு ஆரம்பித்தால் தண்ணீர் நிறையக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். தயவுசெய்து தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது தேவை.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று: பூனைக்கு இதய நோயில் இருமல் வருவது அபூர்வம், மூச்சை எண்ணிப் பாருங்கள்.