வார்டு துரையின் பெயர்: புதுப்பிப்பு

1821-இல் பழனி மலையை அளக்க ஏறிவந்த லெப்டினன்ட் பி. எஸ். வார்டின் பெயரும், நம் கொடைக்கானல் நகராட்சி 'வார்டு'ம் ஒன்றுதானா என்று முன்பு கேட்டிருந்தேன்.

வேர் ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் 'வேயார்டு' என்றால் காவல்காரர். அந்த வேலை பார்த்தவருக்கு அதுவே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. காவலுக்குப் பிரித்த பகுதி நகர வார்டு ஆனது. ஆஸ்பத்திரி வார்டு, ஹாஸ்டல் வார்டன் எல்லாம் அதே கொடிதான். எட்வர்டு என்ற பெயரின் வாலும் இதுவே: செல்வம் காப்பவர்.

ஆனால் அயர்லாந்து வார்டுகள் வேறு வகையறா. 'மாக் அன் வார்டு' என்றால் பாணன் மகன். தலைவர்களைப் பாடிப் பரிசில் பெற்ற புலவர் குடி. ஆங்கிலத்தில் எழுதியபோது அதுவும் வெறும் வார்டு ஆகிவிட்டது. நம்மூர்ப் பாணர்களை நினைத்துக்கொண்டேன். எனக்கு இந்த வார்டுதான் பிடித்திருக்கிறது.

ஸ்டூவர்ட் என்ற பெயர் பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: அதற்குள்ளும் வார்டு உண்டு; பொருள், வீட்டு நிர்வாகி. ஸ்காட்லாந்தில் அரண்மனை நிர்வாகத்தைப் பரம்பரையாகப் பார்த்த குடும்பம் 1371-இல் அரியணையே ஏறிவிட்டது. மணியக்காரர் ராஜாவான கதை!

ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைத்த மெக்ஐவரின் பெயர் இவற்றைப் போலத் தொழிலால் வந்தது அல்ல. 'ஐவர்' என்பவரின் மகன், அவ்வளவுதான்.