தாத்தாவின் பெட்டியில் இருந்த இசைத்தட்டுகள்: கிட்டப்பாவின் குரல் ஏன் இவ்வளவு இரைச்சலோடு கேட்கிறது?

கேள்வி

வணக்கம். கும்பகோணத்தில் தாத்தா வைத்திருந்த தகரப் பெட்டி சென்ற மாதம் என்னிடம் வந்து சேர்ந்தது. அதில் பத்து அங்குலத் தட்டுகள் இருபத்திரண்டும், நீண்ட நேரம் ஒலிக்கும் எல்.பி. தட்டுகள் ஒன்பதும் இருந்தன. புதிதாக வாங்கிய பிளேயரில் எல்.பி. தட்டுகள் தெளிவாகவே ஒலிக்கின்றன. ஆனால் பத்து அங்குலத் தட்டுகளில் ஒன்றான, நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் 78 சுற்றுத் தட்டை (நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது) போட்டபோது, எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற ஓசைக்கு அடியில்தான் அவர் குரல் கேட்டது. அழுக்குதான் காரணம் என்று எண்ணி, வேறொரு தட்டின் ஓரத்தை மருந்துக் கடை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, துடைத்த இடம் பளபளப்பு இழந்து மங்கிவிட்டது. நான் செய்த பிழை என்ன? சாவி கொடுக்கும் பழைய கிராமபோன் ஒன்றை வாங்கினால் இவை நன்றாகக் கேட்குமா?

பதில் 1

தயவுசெய்து ஸ்பிரிட்டை உடனே நிறுத்துங்கள். உங்கள் எல்.பி. தட்டுகள் வினைல் என்ற பிளாஸ்டிக், 78 சுற்றுத் தட்டுகளோ பெரும்பாலும் அரக்கில் கல்தூள் கலந்து வார்க்கப்பட்டவை. ஸ்பிரிட்டில் உள்ள ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். பஞ்சில் ஏறிய கறுப்பில் அழுக்கு மட்டுமல்ல, தட்டும் இருக்கிறது. மங்கிய இடத்தை மீட்க வழியில்லை. ஓரத்தோடு நின்றது நல்லதாயிற்று.

இரைச்சலுக்கு முதன்மையான காரணம் ஊசி என்றே நினைக்கிறேன். எல்.பி. ஊசியின் முனை ஏறத்தாழ 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 78 தட்டில் ஒலி பதிந்த அகலமான பள்ளத்துக்கு 75 மைக்ரான் அளவிலான முனை வேண்டும். சிறிய ஊசி பள்ளத்தின் சுவர்களைச் சரியாகத் தொடாமல், பல்லாண்டுத் தூசி படிந்த அடியில் உராய்ந்துகொண்டு போகும். உங்கள் பிளேயரில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜுக்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தான் இருந்தால் அதையும் அழுத்துங்கள். இரைச்சல் கணிசமாகக் குறையும்.

துடைப்பதற்கு, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புக் கரைசல் கலந்து, மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவிலுள்ள காகித லேபிளில் ஈரம் படக்கூடாது. தட்டை ஊற வைக்கவும் கூடாது.

கிராமபோன் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் ஊசியைத் தாங்கும் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடையோடு தட்டை அழுத்தும். எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்று என மாற்றினாலும் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். கிட்டப்பா 1933இல் மறைந்தார். திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. அவர் குரல் நமக்கு எஞ்சியிருப்பது இத்தகைய தட்டுகளில் மட்டுமே என்பதால், கையில் இருப்பதை ஒரு முறைகூட வீணாகத் தேய்க்க எனக்கு மனம் வராது.

பதில் 2

மேலே சொன்னவற்றோடு வேகத்தையும் கவனியுங்கள். அக்காலத்துத் தட்டுகள் எல்லாமே துல்லியமாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. நிமிடத்துக்கு நான்கைந்து சுற்று வேறுபட்டாலே சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை மாறி, பாடகரின் குரல் கீச்சென்றோ கனத்தோ ஒலிக்கும். நாடக மேடைப் பாடகர்களின் தட்டுகளில் ஆர்மோனியம் பக்கவாத்தியமாக இருப்பது நமக்கு வசதி. வீட்டில் சுருதி சரியாக உள்ள ஆர்மோனியம் இருந்தால், தட்டில் கேட்கும் ஆதார ஷட்ஜத்தை (பாட்டுக்கு அடிப்படையான ‘ச’ சுரத்தை) அதில் தேடுங்கள். அது அடுத்தடுத்த எந்தக் கட்டையிலும் பொருந்தாமல் இடையில் விழுந்தால் வேகம் பிசகியிருக்க வாய்ப்பு அதிகம். பிளேயரின் வேகத் திருகைச் சற்றே நகர்த்திப் பாருங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 78 ஊசி நேற்று வந்தது. அதே தட்டைத் துடைத்து, மோனோவில் போட்டேன். கடுகு வெடிப்பு முழுவதும் போகவில்லை. ஆனால் இப்போது குரல் முன்னால் வந்து நிற்கிறது. ஆர்மோனியத்தின் துருத்தி காற்றிழுக்கும் ஓசைகூடக் கேட்கிறது. இருபத்திரண்டையும் பெட்டியில் படுக்கை வசமாகவே அடுக்கி வைக்கலாமா?

பதில் 1

வேண்டாம். அடுக்கின் பாரத்தில் அடித்தட்டு விரிசல் விடும். தனித்தனிக் காகித உறையிலிட்டு, புத்தகம் போல நேராக நிறுத்துங்கள், சாய விடாதீர்கள். எல்.பி. தட்டுகளையும் அப்படியே, வெயில் விழாத சுவரோரமாக வையுங்கள்.