பால்பல் ஓட்டைக்கு எதை வைத்து அடைத்தீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

தக்கலை, ஐந்து வயது மகளின் அம்மா:

மகளுக்குக் கீழே இரண்டு கடைவாய்ப் பால்பற்களில் சொத்தை. ஒன்றில் மேல்பரப்பில் சின்னக் குழி. இன்னொன்று பக்கத்துப் பல்லோடு உரசும் இடுக்கில், வெளியே பார்த்தால் லேசான சாம்பல் நிழல்தான் தெரிகிறது. இங்கே ஒரு கிளினிக்கில் சிமென்ட் போதும் என்றார்கள். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் லைட் அடித்துப் போடும் வெள்ளை ஃபில்லிங்தான் நல்லது என்றார். மார்த்தாண்டத்தில் இன்னொருவர் ஸ்டீல் கேப் போடச் சொல்கிறார். மூன்றுக்கும் மூன்று விலை. இதற்கிடையில் மாமியார், "விழப்போற பல்லுக்கு எதுக்கு மக்களே இவ்வளவு ரூவா?" என்கிறார். உங்கள் பிள்ளைகளுக்கு எது போட்டீர்கள், எவ்வளவு காலம் நின்றது?

மார்த்தாண்டம், இரண்டு பையன்களின் அம்மா:

அக்கா, முதலில் மாமிக்குப் பதில் சொல்லிவிடுங்கள். ஆறு, ஏழு வயதில் விழுவது முன்பற்கள்தான். கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பதினொன்று, சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது வரை இருக்கும். உங்கள் மகள் இன்னும் ஐந்தாறு வருஷம் அதில்தான் சோறு மெல்ல வேண்டும். முன்னாலேயே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும், அடியிலிருந்து வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் குறையும். எங்கள் அண்ணன் மகளுக்கு அப்படித்தான் ஆகி, இப்போது கம்பி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

என் மூத்தவனுக்கு மேல்பரப்பில் குழி. கிளாஸ் அயனோமர் என்கிற சிமென்ட் போட்டோம். ஊசிகூடப் போடவில்லை. சொத்தையைச் சுரண்டி எடுத்தார்கள், குழைத்து வைத்தார்கள், சில நிமிஷத்தில் இறுகிவிட்டது. பல் விழும்வரை இருந்தது. கொஞ்சம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அதே சிமென்ட் இளையவனுக்கு நிற்கவில்லை. அவனுக்கு இடுக்கில் ஓட்டை. அச்சுமுறுக்கு கடித்தபோது ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி உடைந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த இடுக்கில் சோறு போய் அடைத்துக்கொள்ள, ராத்திரி அழுகை. வேறு டாக்டரிடம் போனபோதுதான் காரணம் தெரிந்தது. மேலே குழி என்றால் நாலு பக்கமும் பல்லின் சுவர் தாங்கும். இடுக்கில் சொத்தை விழுந்தால் ஒரு பக்கச் சுவரே போய்விடுகிறது. மெல்லும் அழுத்தத்தை அங்கே சிமென்ட் தனியாகத் தாங்காது. பால்பல்லின் எனாமல் என்கிற வெளி ஓடும் மெல்லியது. கடைசியில் கேப் போட்டோம், பிரச்சினை தீர்ந்தது. முதல் கிளினிக்கிலேயே இதைச் சொல்லியிருந்தால் இரண்டு ஃபில்லிங்குக்குக் கொடுத்த காசு கையில் இருந்திருக்கும்.

நாகர்கோவில், ஒரு பையனின் அப்பா:

வெள்ளை ஃபில்லிங் பற்றி நான் சொல்கிறேன். காம்போசிட் என்பார்கள். பார்க்க அழகு, பல் எது ஃபில்லிங் எது என்று தெரியாது, சிமென்ட்டைவிட உறுதியும் கூட. ஆனால் அதைப் போடும் வேலை இருக்கிறதே! பல்லில் ஆசிட் ஜெல் தடவி, கழுவி, காயவைத்து, பசை தடவி, கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல லைட் அடிக்க வேண்டும். நடுவில் எச்சில் பட்டால் பிடிப்பு போச்சு. பெரியவர்களே வாயைத் திறந்து உட்கார்ந்தால் தாடை வலிக்கும். என் மகனுக்கு அப்போது நாலரை வயது. நாக்கு ஒரு இடத்தில் நிற்காது. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டப் பார்த்தார்கள், அவன் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் எழுந்தே போய்விட்டது.

டாக்டர் பாதியில் நிறுத்தி, "இன்றைக்கு இது சரிவராது, சிமென்ட் வைக்கிறேன், கொஞ்சம் ஈரம் பட்டாலும் பிடிக்கும்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. விலை கூடியதைப் போட்டே தீருவேன் என்று நிற்கவில்லை. ஏழு வயதில் இன்னொரு கடைவாய்ப் பல்லுக்கு அதே காம்போசிட்டைப் போட அழகாக உட்கார்ந்தான். அது இன்றைக்கும் இருக்கிறது. ஆகவே எந்தப் பொருள் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் மகள் வாயைத் திறந்து அசையாமல் எவ்வளவு நேரம் உட்காருவாள் என்று பாருங்கள்.

குலசேகரம், ரப்பர் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்:

எனக்குப் பால்வெட்டு வேலை. பிள்ளையை அடிக்கடி கூட்டிக்கொண்டு அலைய நேரம் கிடையாது. அதனால் ஒரே தடவையில் தீர்கிற வழி கேட்டேன். எங்கள் ஊர் பல் மருத்துவக் கல்லூரியில் ஸ்டீல் கேப் போட்டார்கள். ஊசி இல்லை, டிரில் இல்லை, சொத்தையைச் சுரண்டவும் இல்லை. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. சொத்தையை உள்ளே வைத்து மூடினால் பரவாதா என்று கேட்டேன். காற்றும் சாப்பாடும் போகாமல் இறுக்கமாக மூடிவிட்டால் உள்ளே இருக்கும் கிருமிக்குத் தீனி கிடைக்காது, சொத்தை மேலும் பரவாமல் நின்றுவிடும் என்றார்கள். ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் செய்து பார்த்த முறையாம், ஹால் டெக்னிக் என்று அவர் பெயரிலேயே சொல்கிறார்கள்.

செய்வது இப்படி. பற்கள் நெருக்கமாக இருந்தால் முதலில் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் மாட்டி அனுப்புவார்கள், சில நாளில் கொஞ்சம் இடம் விடும். அப்புறம் கேப்புக்குள் சிமென்ட் நிரப்பி, பல்மேல் வைத்து அழுத்தி, பஞ்சைக் கடிக்கச் சொல்வார்கள். ஈறு வெளுத்துப் போகும், பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் சரியாகும். கடித்தால் அந்தப் பல் மட்டும் முதலில் முட்டும். எங்கள் பையன் முதல் நாள் ஒழுங்காக மெல்லவில்லை, மரச்சீனிக் கிழங்கை மசித்து மீன்குழம்பு விட்டுக் கொடுத்தோம். சில வாரத்தில் கடி தானாகச் சரியாகிவிட்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்து வெள்ளிப்பல் காட்டுவதுதான் அவன் வேலை.

இரண்டு விஷயம் கவனிக்கணும். ராத்திரி தானாக வலி, ஈறில் சீழ்க்கட்டி என்றால் இந்த முறை ஒத்து வராது, நரம்பு வரை போயிருக்கும். அதனால் எக்ஸ்ரே எடுக்காமல் கேப் போடச் சம்மதிக்காதீர்கள். இன்னொன்று, கேப்பில் நிக்கல் இருக்கிறது. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிற பிள்ளை என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

குளச்சல், மூன்று வயது மகளின் அம்மா:

எங்களுக்கு மேல் முன்பற்களில் சொத்தை, பால்பாட்டில் வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளை. இந்த வயதில் எதையும் போட்டு அடைக்க உட்கார மாட்டாள். அதனால் ஒரு மருந்து தடவினார்கள், சில்வர் டயமைன் ஃப்ளூரைடு. ஒரு நிமிஷ வேலை, வலியே இல்லை. சொத்தை கெட்டியாகி நின்றுவிட்டது. ஆனால் சொத்தை இருந்த இடம் கரிக்கட்டை மாதிரி கறுத்துவிடும், போகாது. அதை முன்னமே சொல்லித்தான் சம்மதம் வாங்கினார்கள். கல்யாண வீட்டில் கேட்காத ஆள் இல்லை. வளர்ந்து ஒத்துழைக்கிற வயதில் மேலே வெள்ளையாக அடைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அழகு முக்கியம் என்றால் இது வேண்டாம். வலி வராமல் காலம் கடத்த வேண்டும் என்றால் இதைவிட எளிதானது நான் பார்க்கவில்லை.

கருங்கல், பல் கிளினிக்கில் முன்பு உதவியாளராக இருந்தவர்:

சில்வர் ஃபில்லிங் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் வயதானவர்கள் கேட்பார்கள், "எங்க காலத்துல போட்டது இன்னும் இருக்கே" என்று. இருக்கும்தான். அமால்கம் என்பது அதுதான், வெள்ளி, வெள்ளீயம், தாமிரத் தூளைப் பாதரசத்தில் குழைத்தது. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். எச்சில் பட்டாலும் கவலையில்லை, ரொம்ப உறுதி. இப்போது பிள்ளைகளுக்குப் போடுவது குறைந்துவிட்டது. பாதரசத்தைக் குறைக்க மினமாட்டா ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு, இந்தியாவும் 2018-இல் அதை ஏற்றது. 2022-இல் அதன் உறுப்பு நாடுகள் கூடி, பால்பற்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மருத்துவர் அவசியம் என்று கருதினாலொழிய, அமால்கம் வேண்டாம் என்று முடிவெடுத்தன. ஐரோப்பிய யூனியன் 2018 ஜூலையிலேயே அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. அதற்காக வாயில் ஏற்கெனவே நன்றாக இருக்கும் அமால்கத்தைத் தோண்டி எடுக்க வேண்டாம், எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும்.

சிமென்ட்டை மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஃப்ளூரைடை மெல்ல மெல்ல வெளியே விடும். 1980-களில் தான்சானியாவில் மின்சாரமே இல்லாத இடங்களில் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, சிமென்ட் வைத்து அடைக்கும் முறையைத் தொடங்கினார்கள், இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். போட்ட அன்றைக்கு மட்டும் கடினமானதைக் கொடுக்காதீர்கள். ரெசின் என்கிற பிளாஸ்டிக் மாதிரியான பிசின் கலந்த சிமென்ட்டும் உண்டு, அதை லைட் அடித்து இறுக்குவார்கள். நாகர்கோவில் டாக்டர் சொன்னது அதுவா காம்போசிட்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டையும் பலர் லைட் ஃபில்லிங் என்றே சொல்வார்கள்.

தக்கலை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, நரம்பைத் தொடவில்லை. மேல்குழிக்குச் சிமென்ட், இடுக்குப் பல்லுக்குக் கேப் என்று முடிவு. ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறார்கள், நாக்கால் நெம்பிக்கொண்டே இருக்கிறாள். சிப்ஸ் கொடுக்கலாமா?

மார்த்தாண்டம் அம்மா:

வளையம் இருக்கும்வரை ஏத்தங்காய் சிப்ஸ், கடலைமிட்டாய் வேண்டாம். வளையம் விழுந்துவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், தானாகக் கழன்றிருந்தால் இடம் விட்டிருக்கலாம். அப்புறம், அடுத்த வருஷம் அந்தப் பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். எதுவும் விழாமலே வருவதால் அதையும் பால்பல் என்று விட்டுவிடுகிறோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். வந்த உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள்.